கனோபசு முதலில் வருவது அட்டவணையின் பிழையன்று

கணினியில் கோப்பின் வரிகளை வரிசைப்படுத்தும் சோர்ட் (sort) கட்டளை, கனோபசு என்னும் விண்மீனை அதைவிட ஒளி மிக்க சிரியசு என்னும் விண்மீனுக்கு முன்னே வைப்பதால் விண்மீன் அட்டவணையே பிழையானது என்று ஒருவர் கூறியுள்ளார். அட்டவணை சரியானதே, மாசி மாதம் இரவு ஒன்பது மணியளவில் எங்கள் திருகோணமலைக் கடற்கரையிலிருந்து தெற்கே பார்த்தாலே சிரியசுதான் ஒளி மிக்கது என்பது தெரியும். விண்மீனின் ஒளியைக் குறிக்கும் ஒளிப்பொலிவெண் சிரியசுக்கு -1.46, கனோபசுக்கு -0.74, எண் குறையக் குறைய ஒளி கூடும். ஆனால் தெரிவு எதுவும் கொடுக்காதபோது சோர்ட் இவற்றை எண்களாகக் கருதாமல், எழுத்து எழுத்தாக இடமிருந்து ஒப்பிடுவதால், 1-க்கு முந்திய 0 முதலிடம் பெறுகிறது. தயவுசெய்து இவ்விரு எண்களையும் தனித்தனி வரிகளாக ஒரு கோப்பில் எழுதி, முதலில் வெறும் சோர்ட்டையும் பின்னர், எண்களாகக் கருதச் சொல்லும் தெரிவுடன் ‘சோர்ட் -என்’ (sort -n) என்பதையும் இயக்கிப் பாருங்கள்: இரண்டாவது முறை -1.46 மேலே வரும்.