சமவெளிக்காரனுக்கு எதற்கு உயரமான கார்?

ஹூண்டாய் வென்யூ என்ற உயரமான காரைக் கொடுத்துவிட்டு, அதே நிறுவனத்தின் தாழ்வான ஐ20 காரின் ஸ்போர்ட்டி வகையான ஐ20 என் லைன் (N Line) வாங்கியிருக்கிறேன் என்று தெரிந்ததிலிருந்து உறவினர்களும் நண்பர்களும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். பெரிய வண்டியிலிருந்து யாராவது சின்ன வண்டிக்கு இறங்குவார்களா? கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் வரை கேட்டாகிவிட்டது. ஆளுக்கு ஆள் பதில் சொல்லிச் சலித்துவிட்டதால் இங்கே ஒருமுறை விரிவாக எழுதி வைக்கிறேன். தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை என்று மலையின் நிழல்கூட விழாத இந்தச் சமவெளியில், உயரமான காருக்கு நாம் கொடுக்கும் கூடுதல் மதிப்பில் பெரும்பகுதி பயத்துக்குக் கொடுக்கும் விலை என்பது என் கருத்து. நம் சாலைகளுக்கு உண்மையில் வேண்டியது தரையோடு ஒட்டி, வளைவில் சாயாமல் செல்லும் வண்டி.

முதலில் அந்தப் பெரிது, சிறிது விவகாரத்தைப் பார்த்துவிடலாம். நான் கொடுத்த பழைய தலைமுறை வென்யூ, ஐ20 இரண்டின் நீளமும் 3,995 மில்லிமீட்டர். அகலத்தில் ஐ20தான் ஒரு நூல் அதிகம். இப்படி எல்லாக் கம்பெனிக்காரர்களும் 4 மீட்டருக்குச் சற்று முன்னால் நின்றுவிடுவதற்குக் காரணம் வரி. நீளம் 4 மீட்டருக்குள்ளும், என்ஜின் பெட்ரோல் என்றால் 1200 சிசிக்குள்ளும், டீசல் என்றால் 1500 சிசிக்குள்ளும் இருக்கும் கார்களுக்கு 2006ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில் உற்பத்தி வரி குறைக்கப்பட்டது. அந்தக் கோடு பின்னர் ஜிஎஸ்டியிலும் தொடர்ந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் கோட்டுக்கு உள்ளே இருப்பவற்றுக்கு 18 விழுக்காடு, வெளியே இருப்பவற்றுக்கு 40 விழுக்காடு. ஆகவே நாம் காம்பாக்ட் எஸ்யூவி என்று அழைக்கும் வண்டிகள் சட்டத்தின் கண்ணில் சின்ன கார்கள்தான். ஒரு சின்ன காரின் மேல்பகுதியை ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் உயர்த்தி, முன்முகத்தைச் சற்று நிமிர்த்தி வைத்தால் ஊர் அதைப் பெரிய வண்டி என்று சொல்லிவிடுகிறது.

என்ஜினும் ஒன்றுதான். வென்யூவின் டர்போ வகையிலும் ஐ20 என் லைனிலும் இருப்பது 998 சிசி, மூன்று சிலிண்டர் பெட்ரோல் என்ஜின். இரண்டிலும் 120 பிஎஸ் திறன், 172 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. எனவே வேகத்துக்காக மாற்றினேன் என்று யாராவது நினைத்தால், அதற்கு நான் ஒரு ரூபாய்கூடச் செலவழித்திருக்க வேண்டியதில்லை.

அடுத்து எல்லோரும் பிடித்துக்கொள்வது தரை இடைவெளியை. வென்யூவுக்குச் சுமார் 190 மில்லிமீட்டர், ஐ20க்கு 170 என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் இரண்டு சென்டிமீட்டர். அந்த இரண்டு சென்டிமீட்டர் எங்கிருந்து வருகிறது என்று டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்தால் தெரியும். வென்யூவின் மேல்வகையில் 215/60 ஆர்16, என் லைனில் 195/55 ஆர்16. முதல் எண் மில்லிமீட்டரில் டயரின் அகலம்; அடுத்தது, டயர்ச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பது. 215இல் 60 விழுக்காடு 129. 195இல் 55 விழுக்காடு 107. அதாவது டயர்ச் சுவரின் உயரத்திலேயே 22 மில்லிமீட்டர் போய்விடுகிறது. நாம் எஸ்யூவித்தனம் என்று மெச்சுகிற அந்த உயரத்தின் பெரும்பகுதி தடித்த ரப்பர்தான். ஷோரூமில் இந்தக் கணக்கை யாரும் போட்டுக் காட்டுவதில்லை.

அப்படியானால் வேகத்தடையில் அடி தட்டாதா என்று கேட்பீர்கள். சாலைகளுக்கு நெறிமுறை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐஆர்சி 99 நெறிமுறைப்படி வேகத்தடையின் உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர். அப்படிக் கட்டினால் எந்தக் காரும் தட்டாது. ஆனால் நம் ஊர்களில் இருப்பவை திருவிழாவுக்கு முதல்நாளோ, யாரோ அடிபட்ட மறுநாளோ இரவோடு இரவாகச் சிமெண்டைக் கொட்டிக் கட்டியவை. அவற்றுக்கு எந்த நெறிமுறையும் தெரியாது. அவற்றில் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு நேராக ஏறினால் என் லைன் தட்டும். ஐ20இன் சக்கர இடைவெளி 2,580 மில்லிமீட்டர், வென்யூவுக்கு 2,500. சக்கரங்களுக்கு நடுவே தூரம் கூடினால் மேட்டின் உச்சியில் வயிறு தட்டும் வாய்ப்பும் கூடும். வண்டியைச் சற்றுக் கோணலாகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கும் வித்தை இப்போது கைவந்துவிட்டது. பின்னால் வருபவர் ஹாரன் அடிப்பார். அடிக்கட்டும்.

இனி எனக்கு இந்த மாற்றத்தில் கிடைத்தது என்ன என்பதைச் சொல்ல வேண்டும். டெல்டாவின் சாலைகள் ஏறி இறங்குவதில்லை, ஆனால் ஓயாமல் வளைகின்றன. ஆறு வளைந்த இடத்தில் கரை வளைந்தது. கரையின்மேல் போட்ட சாலையும் அப்படியே வளைந்தது. கல்லணையிலிருந்து பூம்புகார் வரை செல்லும் மாநில நெடுஞ்சாலையில் திருக்காட்டுப்பள்ளிக்கும் திருவையாற்றுக்கும் இடைப்பட்ட பகுதியை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஒருபுறம் காவிரி, மறுபுறம் கீழே வாழைப் படுகை, நடுவில் கரையின் முதுகு அகலத்துக்கு ஒரு சாலை. வளைவுக்கு அப்பால் வருவது பேருந்தா, வைக்கோல் ஏற்றிய டிராக்டரா என்று புளியமரம் விலகும்வரை தெரியாது. உயரமான வண்டி எதுவானாலும், இப்படிப்பட்ட இடத்தில் ஸ்டீரிங்கைத் திருப்பியதும் அதன் மேல்பாதி எதிர்ப்பக்கம் சாய்ந்து, சாய்வு அடங்கிய பிறகுதான் வண்டி முழுமனதாகத் திரும்பும். அடுத்த வளைவு எதிர்த்திசையில் இருந்தால் அதே ஆட்டம் மறுபடியும். பின்னிருக்கையில் வைத்த அர்ச்சனைக் கூடையிலிருந்து தேங்காய் உருண்டு கதவில் மோதும் ஓசை, உயர வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் பழக்கமானதுதான்.

என் லைனில் எடைமையம் தாழ்ந்திருக்கிறது. சாதாரண ஐ20ஐ விடச் சஸ்பென்ஷன் இறுக்கமானது, ஸ்டீரிங்கும் கனமானது, நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக். கையைத் திருப்பிய கணத்திலேயே வண்டியின் மூக்கு திரும்பிவிடுகிறது; திரும்பிய பின் அங்கேயே நிற்கிறது. எதிரே திடீரென்று ஓர் ஆட்டுக்கூட்டம் வந்தால் ஒதுங்கவும், ஒதுங்கிய வேகத்திலேயே மீளவும் முடிகிறது. ஸ்போர்ட்டி என்றாலே நூற்றுநாற்பதில் பறப்பது என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: இந்த வண்டியின் சுகம் ஐம்பது, அறுபது கிலோமீட்டர் வேகத்தில், இரண்டாம் கியருக்கும் மூன்றாம் கியருக்கும் நடுவே, குத்தாலத்துக்கு முன்னால் வரும் ஏதோ ஒரு வளைவில் இருக்கிறது. 2023ஆம் ஆண்டு மாற்றியமைத்தபோது, கிளட்ச் மிதி இல்லாத ஐஎம்டி என்ற கியர் அமைப்பை எடுத்துவிட்டு இதில் சாதாரண ஆறு கியர் மேனுவலைக் கொடுத்தார்கள். நான் எடுத்தது அதைத்தான். முகூர்த்த நாளில் கும்பகோணத்துக்குள் நுழைந்தால் இடதுகால் கொஞ்சம் முணுமுணுக்கும் என்பதையும் மறைக்கவில்லை. விக்கிரவாண்டி தஞ்சாவூர் நான்குவழிச் சாலையில் மட்டுமே ஓட்டுபவர்களுக்கு இந்த மாற்றத்தால் பெரிய லாபம் எதுவும் இல்லை; நேர்க்கோட்டில் இரண்டும் ஒன்றுதான்.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இங்கே எஸ்யூவி வாங்குபவர்கள் பத்தில் எட்டுப் பேர் சொல்வது ஐப்பசி கார்த்திகை மழையைத்தான். 2018 நவம்பரில் கஜா புயலைப் பார்த்த ஊர்கள் இவை. அந்தப் பயத்தை நான் இளப்பமாகப் பேசமாட்டேன். ஆனால் தரை இடைவெளி வேறு, நீரைக் கடக்கும் திறன் வேறு. வெள்ளத்தில் என்ஜினைக் கொல்வது காற்று உள்ளே போகும் குழாயின் வழியாக ஏறும் தண்ணீர். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்ததும் பிஸ்டனோடு இணைந்திருக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். டயரால் கிடைத்த இரண்டு சென்டிமீட்டர் இதில் உங்களைக் காப்பாற்றாது. ஓடும் தண்ணீராக இருந்தால் ஓர் அடி ஆழமே சின்ன காரைத் தூக்கி நகர்த்தப் போதும். வாய்க்கால் உடைத்துக்கொண்டு சாலையின்மேல் ஓடும்போது வென்யூவோடு நின்ற இடத்தில்தான் இப்போது ஐ20யோடும் நிற்கிறேன். இன்னொன்று: தண்ணீர் புகுந்த என்ஜினை இயக்கிக் கெடுத்துக்கொண்டால் சாதாரண முழு இன்சூரன்ஸ் அந்தச் செலவைப் பொதுவாக ஏற்பதில்லை, என்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் பாலிசி தனியாக எடுத்திருக்க வேண்டும். டெல்டாவில் எந்த உயரத்து வண்டிக்கும் அதை எடுத்துவிடுங்கள்.

தாழ்ந்த வண்டிக்கு உண்மையான ஆபத்து எதில் என்றால், யாரும் பேசாத, சாலையில் காயவைக்கும் பயிரில். கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பதால், களம் கிடைக்காத விவசாயி தை மாதத்தில் சாலையின் ஒரு பாதியில் நெல்லைக் காயவைக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் காய்ந்த நெல்லின்மேல் பிரேக் போட்டால் எந்த டயரும் வழுக்கும். அங்கே வேகத்தைக் குறைத்துக்கொண்டு நுழைவதைத் தவிர வேறு வழி கிடையாது. பங்குனி சித்திரையில் உளுந்து, பயறுச் செடிகளை வண்டிகள் ஏறி மிதிக்கட்டும் என்று சாலையில் பரப்பியிருப்பார்கள். அதன்மேல் போகும்போது காய்ந்த கொடி வண்டியின் அடியில் சுற்றிக்கொண்டு, சைலன்சர் குழாய்க்கும் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கும் மேல் அடைந்துகொள்ளும். சூடேறிய இரும்பில் சருகு பட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. எந்தக் காரிலும் நடக்கக்கூடியதுதான், ஆனால் வயிறு தாழ்ந்த காரில் கொடி சிக்குவது எளிது. மன்னார்குடிப் பக்கம் போய்வந்தால் வீட்டு வாசலில் குனிந்து அடியில் பார்த்து, தொங்குவதைக் கம்பியால் இழுத்தெடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. என் மனைவி இதைப் பார்த்து, காருக்குப் பேன் பார்க்கிறீர்களா என்கிறாள்.

இழந்தவையும் உண்டு. டிக்கியில் 350 லிட்டர் இருந்தது 311 ஆகிவிட்டது. அரிசி மூட்டையும் பெட்டியும் சேர்ந்து வந்தால் ஒன்று மடிக்கு வரும். டேங்க் 45 லிட்டரிலிருந்து 37க்கு இறங்கியதால் பங்கில் நிற்பது கூடியிருக்கிறது. மெல்லிய டயர்ச் சுவரும் இறுக்கமான ஸ்பிரிங்கும் சேர்ந்து, தார் பெயர்ந்த ஒவ்வொரு குழியையும் முதுகெலும்புக்குத் தெரிவிக்கின்றன. எதிரே வரும் பேருந்துக்கு வழிவிட ஓரம் இறங்கினால், தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் நடுவில் ஒரு சாண் பள்ளம் இருக்கும் இடங்களில் நெஞ்சு ஒருமுறை நின்றுதான் ஓடும். நல்லவேளையாக இந்த டயர் அளவு மாருதி பலேனோவிலும் இருப்பதால் மாற்று டயருக்காக அலைய வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் விடப் பெரிய இழப்பு அம்மாவினுடையது. மூட்டுவலிக்காரர்களுக்கு உயரமான இருக்கை ஒரு வரம். பக்கவாட்டில் உட்கார்ந்து காலைத் தூக்கி உள்ளே வைத்தால் போதும். இப்போது அவர் கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கி உட்கார வேண்டியிருக்கிறது, எழும்போது என் கை வேண்டும். "கிணத்துல எறங்கற மாதிரி இருக்குடா" என்றார் முதல்நாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. தினமும் பெற்றோரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்பவராக நீங்கள் இருந்தால், நான் மேலே எழுதிய வளைவு வர்ணனையெல்லாம் உங்களுக்குப் பொருந்தாது. உயர வண்டியையே வைத்துக்கொள்ளுங்கள்.

விற்பதைப் பற்றியும் கேட்டிருந்தார்கள். எக்ஸ்சேஞ்சில் சொன்ன விலை மனத்துக்கு ஒப்பவில்லை. வெளியில் தெரிந்தவர் மூலமாகவே கொடுத்தேன். இங்கே உயர வண்டிக்கு ஆள் தேட வேண்டியதே இல்லை. பயத்துக்கு ஒரு சந்தை மதிப்பு இருக்கிறது என்பதில் எனக்குக் கிடைத்த ஒரே ஆதாயம் அது. விற்பவர்கள் இரண்டை மறக்க வேண்டாம். உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டையும் கொடுத்து, ஆர்சி வாங்கியவர் பெயருக்கு மாறும்வரை விடாதீர்கள். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து நடந்தால் இழப்பீடு கொடுக்கும் பொறுப்பும் அவரையே சேரும் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லியிருக்கிறது. அடுத்தது, நோ கிளெய்ம் போனஸ் வண்டியோடு போவதில்லை, உரிமையாளரோடு வருவது. பழைய இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் அதற்கான கடிதத்தைக் கேட்டு வாங்கிப் புதிய வண்டிக்கு மாற்றிக்கொண்டால், அதிகபட்சம் 50 விழுக்காடு வரை சொந்தச் சேதப் பகுதியின் பிரீமியத்தில் குறையும்.

நானும் மாற்றலாமா என்று உள்பெட்டியில் கேட்பவர்களுக்கு: ஷோரூம் காட்டும் புறவழிச்சாலையில் டெஸ்ட் டிரைவ் போகாதீர்கள். வீட்டில் இருக்கும் நால்வரையும் ஏற்றிக்கொண்டு, பாலத்து மேட்டையும் கோயில் முன்னால் இருக்கும் அந்த வேகத்தடையையும் தாண்டி, உங்கள் வீட்டு வாசல்வரை ஓட்டிக் கேளுங்கள். திருவையாற்றுப் பக்கத்தவர்களானால் தஞ்சாவூரிலிருந்து வரும் பழைய சாலையில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலங்கள் இருக்கின்றன. ஒரு சோதனைக்கு அதற்குமேல் வேண்டாம். அடி தட்டினால், அந்த வண்டி உங்கள் தெருவுக்கு ஆகாது. தட்டவில்லையென்றால், திரும்பி வரும்போது ஓட்டுநர் இருக்கையை வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள்.