எண்பது வியாதியும் தொப்புள்கொடித் தவணையும்

வயித்தில பிள்ளையோட இருக்கிற ஆக்களின்ர வாட்ஸ்அப்புக்கு இப்ப ஒரு விளம்பரம் சுத்துது. பிள்ளையின்ர தொப்புள்கொடியை உறைய வைச்சுச் சேமியுங்கோ, எண்பது வியாதிக்கு மருந்தாம். உப்புவெளியில இருக்கிற மச்சாளுக்கு இது எட்டாம் மாதம். காசு நான் அனுப்பிறன் எண்டு வெளிநாட்டில இருக்கிற தம்பி ஒற்றைக்காலில நிக்கிறான். நான் வேண்டாம் எண்டன். ஆளாளுக்கு விளக்கம் சொல்லி வாய் நோகுது, அதான் இங்க எழுதிறன்.

அந்த எண்பது எண்டது கொடிக்குள்ள இருக்கிற இரத்தத்தின்ர கணக்கு, கொடிச் சதையின்ர கணக்கில்லை. இரத்தத்தை உண்டாக்கிற ஸ்டெம் செல், அதாவது மூலச் செல், கொடி இரத்தத்தில இருக்கு. 1988இல பாரிசில எலியான் குளுக்மன் எண்ட வைத்தியர் ஃபன்கோனி இரத்தசோகை எண்ட பரம்பரை வியாதி வந்த பெடியன் ஒருவனுக்கு அதை ஏத்தினார், பலிச்சுது. ஆனா ஏத்தினது அவன்ர சொந்த இரத்தம் இல்லை, தங்கச்சி பிறக்கேக்க எடுத்தது. தலசீமியா மாதிரிப் பரம்பரை இரத்த வியாதிக்குப் பிள்ளையின்ர சொந்தக் கொடி இரத்தம் உதவாது. அதே பழுதான மரபணுதானே அதுக்குள்ளயும் கிடக்கு.

கொடிச் சதை வேற கதை. உள்ள நுங்கு மாதிரி வழுவழுப்பா இருக்கிறதுக்கு வார்ட்டன் ஜெலி எண்டு பேர். அதில எடுக்கிற மீசென்கைமல் எண்ட வேற வகை ஸ்டெம் செல் இரத்தம் உண்டாக்காது, எதிர்ப்புச் சக்தியின்ர ஆவேசத்தை அடக்கும். எலும்பு மச்சை மாற்றின பிறகு, புதுசா வந்த செல்கள் நோயாளியின்ர உடம்பையே தாக்கும் ஒரு நிலை இருக்கு. ஸ்டீரொயிட்டுக்கும் அடங்காத அந்த நிலைக்குக் கொடிச் செல் மருந்தொண்டைச் சீனா 2025 ஜனவரியில நிபந்தனையோட அனுமதிச்சுது. அதுவும் வேற ஆரோ பிள்ளையின்ர கொடியில இருந்து வளர்த்த செல்! உங்கட பிள்ளையின்ர கொடிக்கு அங்க வேலையே இல்லை. மூட்டுத் தேய்வு, நீரிழிவு எல்லாம் ஆராய்ச்சியிலதான் நிக்குது. கொடிச் சதையைக் காசுக்குச் சேமிக்க விஞ்ஞான ஆதாரம் இல்லையெண்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இலயே எழுதி வைச்சிட்டுது. சதையைக் காட்டி இரத்தத்தின்ர புகழை விக்கிறாங்கள். எனக்கு அதுதான் கோவம்.

மச்சாளிட்ட ஒண்டுதான் சொன்னன்: பிள்ளை பிறந்து ஒரு நிமிசமாவது போகட்டும், பிறகு கொடியை இறுக்கட்டும் எண்டு கிளினிக் மிஸ்ஸியிட்ட இப்பவே கதைச்சு வை. உலக சுகாதார நிறுவனமும் அதைத்தான் சொல்லுது. அந்த இரத்தம் பிள்ளைக்குள்ள போனா இரும்புச்சத்துக் குறைபாடு வாற வாய்ப்புக் குறையும். சதத்துக்குச் செலவும் இல்லை.

மூத்த பிள்ளைக்கு லுக்கீமியா எண்ட இரத்தப் புற்றுநோயோ தலசீமியாவோ இருந்தா மட்டும் நான் சொன்னதை விடுங்கோ. பிரசவத்துக்கு முன்னமே இரத்தநோய் வைத்தியரைக் கண்டு கேளுங்கோ, தம்பி தங்கச்சியின்ர கொடி இரத்தம் அங்க உதவக்கூடும்.