கூடோஸ் ஒருமைதான்
பாராட்டும்போது சொல்லும் 'கூடோஸ்' (kudos) என்ற ஆங்கிலச் சொல் பன்மை, ஒரே ஒரு பாராட்டு என்றால் 'கூடோ' என்று எழுத வேண்டும் என்று கட்டுரையில் போட்டிருக்கிறீர்கள், அது சரியில்லை. புகழ், பெருமை என்று பொருள்படும் கிரேக்க ஒருமைச் சொல் அது, கடைசி 'ஸ்' அதனுடனேயே பிறந்தது. முதலில் பிரிட்டிஷ் பல்கலைக்கழக மாணவர்களின் பேச்சு வழக்கில்தான் புழங்கியது, 20ஆம் நூற்றாண்டில்தான் அதைப் பன்மை என்று நினைத்து வாலை நறுக்கி 'கூடோ' ஆக்கினார்கள். அதற்காக, மேலே கருத்துப் பகுதியில் ஒருவர் 'கூடோ என்று ஒரு சொல்லே கிடையாது' என்று கொதிப்பதும் அதிகம்தான், மெரியம்-வெப்ஸ்டர் அகராதியிலேயே அது இருக்கிறது, செர்ரி என்ற சொல்கூட பழைய பிரெஞ்சிலிருந்து வந்தபோது இப்படி வால் போய்ப் பிறந்ததுதானே. கட்டுரை தொடாமல் விட்டது வேறு: யார் யாரிடம் சொல்லலாம்? சிங்கப்பூர் ஜூரோங்கில் எங்கள் அலுவலக வாட்ஸ்அப் குழுவில், பெரிய மேலாளர் புது ஒப்பந்தம் கிடைத்த செய்தியைப் போட்டதும் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் 'கூடோஸ் பாஸ்!' என்று தட்டிவிட்டார். குழுவே கப்சிப். கணக்குப் பிரிவு அக்கா தனியாக மெசேஜ் போட்டு, "தம்பி, முதலில் அதை அழித்துவிட்டு கங்கிராட்ஸ் என்று போடு" என்றாராம். மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்கோ, சமமானவர்கள் தங்களுக்குள்ளோ சொன்னால் இயல்பாக இருக்கிறது, கீழிருந்து மேலே போனால், குறைந்தது நம் ஊர் அலுவலகங்களில், முதுகில் தட்டிக்கொடுப்பது மாதிரி ஆகிவிடுகிறது. அப்புறம், பிரிட்டிஷ்காரர்கள் இதை 'கியூடோஸ்' என்றும் சொல்வார்கள், அப்படிச் சொல்பவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்.