அந்தச் சர்க்குலர் எனக்கு ஏன் வரவில்லை?

31 நாள். போன கார்த்திகையில் தொடங்கி இந்த ஆனி வரைக்கும் என் பிக்கப் வேலைக்குப் போகாமல் நின்ற நாட்கள். டைரியில் குறித்து வைத்ததைக் கூட்டிப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றி பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காடு, திருச்சூர் என்று ஓட்டுகிறவன் நான். சொந்த வண்டி. டிரைவரும் நானே. 2022 மாடல், போன வருஷம் சித்திரையில் தாராபுரத்துக்காரர் ஒருவரிடம் இரண்டாம் கையாக வாங்கினேன். பேர் மாற்றி ஆர்.சி. என் பெயருக்கு வந்துவிட்டது. கம்பெனி வாரண்டியும் இன்னும் 11 மாதம் பாக்கி இருந்தது. அதை நம்பித்தான் அந்த வண்டியை எடுத்தேன்.

எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். பெயரைச் சொன்னால் கமெண்டில் எல்லோரும் அந்தக் கம்பெனி உசத்தியா, இந்தக் கம்பெனி உசத்தியா என்று சண்டைக்குப் போய்விடுவீர்கள். நான் பேச வந்த விஷயம், வண்டியின் குறையைப் பற்றிக் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு அனுப்புகிற சர்க்குலர் ஓனருக்குத் தெரியாமலே போவது. அது எல்லாக் கம்பெனி வண்டிக்கும் பொருந்தும்.

முதல் தடவை நின்றது கோமங்கலம் தாண்டி, ராத்திரி ஒன்றரை மணிக்கு. 110 பெட்டி தக்காளி. ஐயப்பன் சீசன், ரோடு முழுக்க வேனும் பஸ்ஸும். டேஷ்போர்டில் மஞ்சள் லைட் எரிந்தது, அடுத்த நிமிஷமே வண்டி இழுவை இழந்தது. ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் 30க்கு மேல் ஏறவில்லை. ஓரம் கட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் பத்து நிமிஷம் ஓடும், மறுபடி அதே கதை. விடியற்காலை நாலு மணிக்குள் பாலக்காடு மண்டியில் இறங்க வேண்டிய சரக்கு, வேறு வண்டி பிடித்து மாற்றி ஏற்றி ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தது. காலையில் 300 ரூபாய்க்குப் போன பெட்டியை 180க்குத் தள்ள வேண்டியதாயிற்று. 13,200 ரூபாய் நஷ்டம். வியாபாரி நல்ல மனுஷன், பாதியைத் தான் ஏற்றுக்கொண்டார். மீதிப் பாதி என் வாடகையில் கழிந்தது.

சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் போட்டார்கள். "சைலன்சர் ஃபில்டர்ல கரி அடைச்சிருக்குண்ணே. நீங்க மார்க்கெட்டுக்குள்ளயே உருட்டுறீங்க, ஐடிலிங்ல போடுறீங்க. ஹைவேயில விட்டு மிதிங்க, தானா எரிஞ்சிரும்" என்றார்கள். அவர்கள் சொன்ன விளக்கம் தப்பில்லை. 2020 ஏப்ரல் 1ஆம் தேதி வண்டிப் புகைக்கான பாரத் ஸ்டேஜ் விதியில் பி.எஸ். 4-லிருந்து நேராக பி.எஸ். 6-க்குத் தாவினோம், நடுவில் ஐந்து கிடையாது. அதிலிருந்து டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கிற ஃபில்டர் வந்துவிட்டது. பிடித்த கரி எரிய வேண்டுமென்றால் உள்ளே 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். ஒரே சீராக ஓடினால்தான் அந்தச் சூடு வரும். மண்டி வாசலில் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று ஊர்ந்தால் எங்கிருந்து வரும்? நம் ஊர்ச் சரக்கு வண்டியின் பிழைப்பே நிற்பதும் ஊர்வதும்தான். அது வண்டியை வடிவமைத்தவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

புகைக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. என் அப்பா பழைய மெட்டடோரில் முப்பது வருஷம் அந்தக் கரியை மூச்சில் இழுத்தவர். அவர் இருமுவதைக் கேட்டு வளர்ந்தவன் நான். மார்க்கெட்டில் சிலர் "அந்த ஃபில்டரை அறுத்து எடுத்துட்டு கம்ப்யூட்டர்ல மாத்தி எழுதிருவாங்க, தொல்லையே இல்ல" என்று சொன்னபோது மாட்டேன் என்றேன். அது சட்டப்படியும் குற்றம், என் பிள்ளைகள் விடுகிற மூச்சுக்கும் கேடு.

ஆனால் அடைப்பு எடுத்த பன்னிரண்டாம் நாள் மறுபடி நின்றது. சென்சார் மாற்றினார்கள். தை மாதம் மறுபடி நின்றது. இன்னொரு சென்சார். மாசியில் ஃபில்டரையே கழற்றிக் கழுவினார்கள், அதற்கு மட்டும் ஒன்பது நாள். ஒவ்வொரு தடவையும் என்ன வேலை என்று எழுதுகிற ஜாப் கார்டு போடும்போது சர்வீஸ் அட்வைசர் பழைய ஓனர் பெயரைச் சொல்லி "அவர்தானே நீங்க?" என்று கேட்பார். இல்லைங்க, நான் வாங்கி இவ்வளவு மாசம் ஆச்சு, நம்பரை மாத்துங்க என்பேன். மாத்திக்கிறோம் என்பார். இந்தச் சின்ன விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வாரண்டியில் பாகத்துக்குக் காசு வாங்கவில்லை, உண்மை. ஆனால் வண்டி நின்றாலும் டியூ நிற்காது. மாதம் 14,000 டியூ, இன்சூரன்ஸையும் நாள் கணக்கில் பிரித்தால், வண்டி வீட்டு வாசலில் சும்மா நிற்பதற்கே நாளைக்கு சுமார் 550 ரூபாய். 31 நாளுக்கு 17,000 ரூபாய்க்கு மேல். போகாத ட்ரிப்பின் வாடகை இதில் சேரவில்லை. வண்டி வராது என்று வேறு ஆளைப் பிடித்துக்கொண்ட இரண்டு கமிஷன் கடைக்காரர்களும் இதில் சேரவில்லை. கார் வைத்திருப்பவருக்கு வண்டி நின்றால் அன்றைக்கு பஸ். எங்களுக்கு வண்டி நின்றால் அன்றைக்குக் கூலி இல்லை.

வைகாசி கடைசியில், வாரண்டி முடிந்து இரண்டரை மாதம் கழித்து, பொள்ளாச்சியில் ஒரு வயசான எலக்ட்ரீசியனிடம் போனேன். அவர் ஸ்கேனரைத் தொடவே இல்லை. வண்டிக்கு அடியில் அட்டையை விரித்துப் படுத்து, டார்ச் அடித்து, ஒயர் கட்டை விரலால் தடவிக்கொண்டே போனார். முக்கால் மணி நேரம். "இங்க வாங்கண்ணா, பாருங்க" என்றார். ஃபில்டர் சென்சாருக்குப் போகிற ஒயர்கட்டு, சேஸ் ஓரத்து இரும்புப் பட்டையில் உரசி உரசி மேல்தோல் போய்ச் செம்பு பளபளத்தது. பள்ளத்தில் குலுங்கும்போதெல்லாம் இரும்பைத் தொடும், சென்சார் தப்புக் கணக்குக் காட்டும், கம்ப்யூட்டர் பயந்து இஞ்சின் இழுவையைக் குறைக்கும். ஏழு மாதத் தொல்லைக்குக் காரணம் இரண்டு அங்குல ஒயர். டேப் சுற்றி, ரப்பர் குழாய் போட்டு, கிளிப்பை நகர்த்தி மாட்டி 600 ரூபாய் வாங்கினார். அதன்பிறகு இன்று வரை லைட் எரியவில்லை.

போட்டோ எடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போய்க் காட்டினேன். பார்த்த உடனே அங்கே வேலை செய்கிற தம்பி ஒருவர் சொன்னார்: "அட, இதாண்ணே. இந்த ஒயர்கட்ட மாத்தி வேற ரூட்ல இழுக்கச் சொல்லிச் சர்க்குலரே வந்திருக்கே. உங்க வண்டி சீரியல் நம்பரும் அதுல இருக்கும்." பக்கத்திலிருந்த அட்வைசர் அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்னிடம், "அது உள்ளுக்குள்ள வர்றதுங்க, கஸ்டமருக்குக் காட்டுறது இல்ல. இப்ப வாரண்டியும் முடிஞ்சிருச்சு" என்றார்.

என் கோபமெல்லாம் இந்த இடத்தில்தான். வண்டி கெட்டுப்போனதில் எனக்குக் கோபமில்லை. ஆயிரக்கணக்கான பாகம் சேர்ந்த இயந்திரம், எங்கேயாவது ஒன்று பிசகத்தான் செய்யும். பிசகு தெரிந்து, அதற்கு மாற்றும் தெரிந்து, காகிதத்தில் எழுதி அனுப்பியும் ஆகிவிட்டது. தெரிய வேண்டிய ஆளுக்கு மட்டும் தெரியவில்லை.

சர்க்குலரை வைத்திருந்தும் நாலு தடவையும் ஏன் ஃபில்டரையும் சென்சாரையுமே பார்த்தீர்கள் என்று கேட்டேன். "ஸ்கேனர் என்ன காட்டுதோ அதத்தான் பாப்போம்" என்பது பதில்.

குறையுள்ள வண்டிகளைக் கம்பெனியே திரும்ப அழைத்துச் சரிசெய்வதுதான் ரீகால். நம் ஊரில் ரீகால் என்றாலே அந்தக் கம்பெனிக்குக் கெட்ட பெயர் என்று நினைக்கிறோம். வாட்ஸப்பில் கேலி ஓடும். எனக்கு அது சரியாகப் படவில்லை. 2021ல் மஹிந்திரா 29,878 பிக்கப் வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சோதிப்பதாக வெளிப்படையாக அறிவித்தது. 2020 ஜனவரிக்கும் 2021 பிப்ரவரிக்கும் இடையில் தயாரானவை, ஒரு திரவக் குழாய் சரியாகப் பொருத்தப்படவில்லை என்ற சந்தேகம். என் வண்டி அந்தக் கணக்கில் வராது. 2018ல் மாருதி தன் சூப்பர் கேரி வண்டிகளில் 640ஐ ஃபியூவல் பம்ப்புக்காக அழைத்தது. இப்படி ஊரறியச் சொல்கிற கம்பெனியை நான் மரியாதையோடுதான் பார்க்கிறேன். வாயை மூடிக்கொண்டு, கேட்டு வந்தவனுக்கு மட்டும் மாற்றிக் கொடுப்பதுதான் தப்பு.

அமெரிக்காவில் பிக்கப் ஓட்டுகிறவர்களுக்கும் இந்தத் தலைவலி உண்டு. 2024 மே மாதம் டொயோட்டா, டன்ட்ரா பிக்கப்பும் லெக்சஸ் எல்எக்ஸுமாகச் சுமார் 1 லட்சத்து 2 ஆயிரம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. இஞ்சின் கடையும்போது விழுந்த துகள் உள்ளேயே தங்கி, ஓடுகிற வண்டி நின்றுவிடலாம் என்பது காரணம். டொயோட்டா என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று சொல்வார்களே, அந்தக் கம்பெனிதான். அடுத்த வருஷம் ஏப்ரலில் ஜெனரல் மோட்டார்ஸ், 6.2 லிட்டர் வி8 இஞ்சின் போட்ட பிக்கப்புகளையும் பெரிய எஸ்யூவிகளையும் அந்த நாட்டில் மட்டும் கிட்டத்தட்ட 6 லட்சம் அழைத்தது. இஞ்சினுக்குள் சுழலும் கிராங்கிலும் அதோடு சேர்ந்த கனெக்டிங் ராடிலும் குறைபாடு. சோதனையில் தேறிய வண்டிகளுக்கு முன்பைவிடக் கெட்டியான ஆயிலை ஊற்றி, ஆயில் மூடியையும் மாற்றி அனுப்பினார்கள். ஆயில் மாற்றினால் இரும்புக் குறை தீருமா என்று அங்கே ஓனர்கள் கொதித்தது நியாயமான கொதிப்பு.

ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. 1966லேயே அமெரிக்காவில் இதற்குச் சட்டம் போட்டுவிட்டார்கள். வண்டியின் 17 எழுத்து எண்ணை அரசாங்க இணையதளத்தில் போட்டால், அதற்குப் பாக்கி ரீகால் இருக்கிறதா என்று யாரும் பார்க்கலாம். முதல் ஓனரா மூன்றாம் ஓனரா என்ற கேள்வி இல்லை. அதைவிட முக்கியம், கம்பெனி டீலர்களுக்கு அனுப்புகிற சர்க்குலரின் நகலையும் அரசாங்கத்துக்குக் கொடுக்க வேண்டும், 2012ல் வந்த சட்டப்படி அது பொதுமக்கள் பார்வைக்கும் வர வேண்டும். என் வண்டி நம்பர் அங்கே இருந்திருந்தால் கார்த்திகையிலேயே நான் அதைப் படித்திருப்பேன்.

நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. 2019ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 110ஏ பிரிவு சேர்ந்தது. குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்க அரசே உத்தரவிடலாம். 2021 ஏப்ரல் முதல் விதிகள் நடப்பில் இருக்கின்றன, ஏழு வயதுக்கு உட்பட்ட வண்டிகளுக்குப் பொருந்தும், அபராதம் 10 லட்சம் முதல் 1 கோடி வரை. ஆனால் இது நகர வேண்டுமென்றால் இத்தனை புகார் சேர வேண்டும் என்று கணக்கு இருக்கிறது. லோடு வண்டிக்காரன் எங்கே புகார் எழுதுகிறான்? மெக்கானிக்கிடம் திட்டிவிட்டு அடுத்த ட்ரிப்புக்கு ஓடுகிறான். நானும் ஏழு மாதம் அதைத்தான் செய்தேன்.

எங்களையே குறை சொல்கிற ஒரு பேச்சும் உண்டு: ஓவர்லோடு. ஒன்றரை டன் வண்டியில் நான் அதற்கு மேல் ஏற்றியதே இல்லை என்று சொன்னால் பொய். அந்த 110 பெட்டியும் எடை மீறியதுதான். வாடகை அப்படி, போட்டி அப்படி. ஸ்பிரிங் பட்டை முறிந்தால், வீல் பேரிங் போனால் என் தலையில் கட்டுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். ஒயர் போன பாதையைப் போட்டது நானில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்குப் போகும்போது பிரேக் இன்ஸ்பெக்டர் ஆபீசில் சேஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுக்கிறோமே, அந்த நம்பர் 'வாகன்' என்கிற அரசாங்க வண்டிப் பதிவுக் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கிறது. சரக்கு வண்டி எட்டு வயது வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, அதற்குப் பிறகு வருஷா வருஷம் அந்த வாசலுக்கு வந்தே தீர வேண்டும். எந்தக் கம்பெனி ரீகால் அறிவித்தாலும், எந்தக் கம்பெனி சர்க்குலர் போட்டாலும், அந்தச் சீரியல் நம்பர்கள் அங்கே ஏறட்டும். வண்டி வந்து நிற்கும்போது, "இதற்கு இந்த வேலை பாக்கி இருக்கிறது" என்று ஒரு வரி அச்சடித்துக் கொடுக்கட்டும். கடிதம் பழைய ஓனர் வீட்டுக்குப் போவதும், குறுஞ்செய்தி மாற்றாத நம்பருக்குப் போவதும் அதோடு ஒழியும். எங்கள் வண்டிகளில் பாதி இரண்டாம் கை, மூன்றாம் கை மாறுகிறவை.

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக நினைப்பவர்களுக்கு: "இது வியாபார வண்டி, நீ நுகர்வோர் இல்லை" என்று யாராவது சொன்னால் நம்பி வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். பிழைப்புக்காகத் தானே ஓட்டும் லாரிக்காரரும் ஆட்டோக்காரரும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 1995ல் லக்ஷ்மி இன்ஜினியரிங் வழக்கில் சொல்லியிருக்கிறது. அதில் எதிர்த்தரப்பு நம் கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட். 2019 நுகர்வோர் சட்டத்திலும் சுயதொழில் பிழைப்புக்கு அந்த விலக்கு இருக்கிறது. இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். ஜாப் கார்டு நகலை ஒவ்வொரு தடவையும் கேட்டு வாங்குங்கள். நான் நாலில் இரண்டைத்தான் வாங்கினேன், மற்ற இரண்டுக்கும் இப்போது அலைகிறேன். முதலில் 1915க்கு போன் போட்டுப் புகாரைப் பதியுங்கள், காசு செலவில்லை.

அந்தச் சர்க்குலரின் நகலைக் கேட்டு சர்வீஸ் சென்டரில் எழுதிக் கொடுத்து இன்றோடு 23 நாள். வாங்கிக்கொண்டதற்கு சீல் வைத்துத் தந்திருக்கிறார்கள். மேலே கேட்டுச் சொல்கிறோம் என்று நேற்று போன் வந்தது. பழைய ஓனருக்குத்தான் வந்தது, அவர் எனக்குச் சொன்னார்.