நியாயமான நேரம் என்றால் எத்தனை மணி நேரம்?

புதன்கிழமை காலை ஏழரை மணிக்கு வார்டுக்குள் போனேன். வியாழன் மாலை ஐந்தரைக்குத்தான் வெளியே வந்தேன். 34 மணி நேரம். நடுவில் தூங்கியது, இ.சி.ஜி. மெஷின் வைத்திருக்கும் அறையில் நாற்காலியில் உட்கார்ந்தபடி 20 நிமிடம். ஹாஸ்டலுக்கு வந்து குளித்துவிட்டுப் படுத்தால் தூக்கம் வரவில்லை, ஆத்திரம்தான் வருகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் சி.ஆர்.ஆர்.ஐ., அதாவது எம்.பி.பி.எஸ். படிப்பை முடித்துவிட்டு ஓராண்டு கட்டாயப் பயிற்சியில் இருக்கும் டாக்டர். வெளியில் ஹவுஸ் சர்ஜன் என்பார்கள். இப்போது மெடிசின் போஸ்டிங். எங்கள் யூனிட்டுக்குப் புதன் அட்மிஷன். அதாவது அன்று காலை முதல் மறுநாள் காலை வரை கேஷுவால்டி வழியாக வரும் மெடிசின் கேஸ் எல்லாம் எங்கள் தலையில். பாம்புக்கடி, எலி பேஸ்ட் தின்றவர், பக்கவாதம், சர்க்கரை ஏறி மயங்கியவர், குடித்துக் குடித்து ஈரல் கெட்டு ரத்த வாந்தி எடுப்பவர். கட்டில் நிரம்பினால் தரையில் பாய். மறுநாள் காலை வீட்டுக்குப் போகலாம் என்றுதானே நினைப்பீர்கள்? அப்போதுதான் ரவுண்ட்ஸ் ஆரம்பிக்கும். ராத்திரி வந்த ஒவ்வொருவரைப் பற்றியும் யூனிட் தலைவரான சீஃபிடம் சொல்ல வேண்டும். அப்புறம் அவர் சொன்ன பரிசோதனைகள், ஸ்கேன் சீட்டு, மற்ற டிபார்ட்மென்ட் ஒப்பீனியன், டிஸ்சார்ஜ் சம்மரி. வெள்ளிக்கிழமை காலை வழக்கம்போல மறுபடி வார்டு.

இதெல்லாம் படிப்பு என்றால் நான் வாயே திறக்க மாட்டேன். ராத்திரி இரண்டு மணிக்குப் பாம்புக்கடி கேஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கண் இமை சரிகிறதா, மூச்சு தளர்கிறதா என்று பார்த்துக் கற்றதை எந்தப் புத்தகமும் எனக்குக் கற்றுத் தந்திருக்காது. அதற்கு எத்தனை ராத்திரி வேண்டுமானாலும் விழிப்பேன். ஆனால் அந்த 34 மணி நேரத்தில் நான் செய்ததில் பாதி என்ன தெரியுமா? ரத்த சாம்பிளைக் கையில் பிடித்துக்கொண்டு அடுத்த கட்டடத்தில் இருக்கும் லேபுக்கு ஓடியது. பதினோரு தடவை. ரிசல்ட் வாங்க மறுபடி ஓடியது. ஸ்ட்ரெச்சர் தள்ள ஆள் இல்லாததால் நோயாளியின் மகனும் நானுமாக சி.டி. ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனது. பிளட் பேங்க் வாசலில் நின்றது. காலி இடங்களுக்கு ஆள் போடாமல், அந்த வேலையையெல்லாம் சி.ஆர்.ஆர்.ஐ. தலையில் கட்டிவிட்டு அதற்குப் 'பயிற்சி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

வியாழன் காலை பத்தரை மணி இருக்கும். 14ஆம் பெட் அம்மாவுக்கு ரத்தம் ஏற்ற வேண்டும், அவருக்கு எந்த ரத்தம் பொருந்தும் என்று பார்க்கும் கிராஸ் மேட்ச் சோதனைக்குச் சாம்பிள் எடுத்தேன். எடுத்தது அவரிடம்தான். டியூபில் எழுதியது 41ஆம் பெட் அம்மாவின் பெயரை. எனக்குத் தெரியவே இல்லை. சிஸ்டர்தான் டியூபை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, 14க்குத்தானே ரத்தம் கேட்டிருக்கு? 41 பேரை எழுதியிருக்கீங்களே?" என்று கேட்டார். கை நடுங்கிவிட்டது. சாம்பிளில் பெயர் மாறினால் ஏறும் ரத்தம் மாறும், மாறிய குரூப் ஆளைக் கொல்லும். நான் அலட்சியமான ஆள் இல்லை. அப்போது நான் தூங்கி எழுந்து 28 மணி நேரம் ஆகியிருந்தது.

இது என் ஒருத்தியின் பலவீனம் இல்லை. 1997இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு ஒன்று, 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவர் அளவுக்குக் குறைந்துவிடுகிறது என்று காட்டியது. நம் நாட்டில் 0.03 சதவீதத்தைத் தாண்டி வண்டி ஓட்டினாலே வழக்கு. அந்த நிலையைத் தாண்டிய கையில்தான் ஊசியைக் கொடுத்து நரம்பைத் தேடச் சொல்கிறார்கள். பஸ் டிரைவருக்கு ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்று 1961லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். தொழிற்சாலையில் வேலை செய்பவருக்கு வாரம் 48 மணி நேரம் என்று 1948லேயே எழுதிவிட்டார்கள். எங்களுக்கு?

பி.ஜி. என்கிற பட்டமேற்படிப்பு படித்துக்கொண்டே ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ரெசிடென்ட் டாக்டர்களுக்கு 1992இல் மத்திய சுகாதார அமைச்சகம் ஓர் உத்தரவு போட்டது. தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல் பொதுவாக வேலை கூடாது, வாரம் ஒரு நாள் விடுமுறை. முப்பது வருடத்துக்கு மேலாக அந்தக் காகிதம் இருக்கிறது. எங்கள் யூனிட் பி.ஜி. அண்ணன் போன மாதம் ஒரு ஞாயிறுகூட வீட்டுக்குப் போகவில்லை. தேசிய மருத்துவ ஆணையம் 2023இல் கொண்டுவந்த விதிகளில் பி.ஜி.க்களுக்கு 'நியாயமான வேலை நேரம்', 'நியாயமான ஓய்வு' என்று இருக்கிறது. யாருக்கு நியாயம்? எத்தனை மணி நேரம் நியாயம்? எண் இல்லாத விதியை வைத்துக்கொண்டு யாரிடம் போய் நிற்பது? அதே ஆணையம் அமைத்த மனநலப் பணிக்குழு 2024இல் வாரத்துக்கு 74 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று பரிந்துரை செய்தது. எழுபத்து நான்கே அதிகம், அதுவும் பரிந்துரை மட்டும்தான்.

இதைப் பேச வாயெடுத்தால் பெரியவர்களிடமிருந்து ஒரே பதில்: "எங்க காலத்துல நாங்க 48 மணி நேரம் பார்த்தோம்மா." பார்த்திருப்பீர்கள் சார். அப்போது தூக்கக் கலக்கத்தில் தவறிய கேஸ்களை யாராவது எண்ணி வைத்தார்களா? ஆஸ்பத்திரியிலேயே தங்கி இரவும் பகலும் வேலை செய்யும் இந்த முறையை அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் வடிவமைத்தவர் வில்லியம் ஹால்ஸ்டெட். மிகப் பெரிய சர்ஜன், மறுக்கவில்லை. அவர் கொக்கெயினுக்கும் பிறகு மார்ஃபினுக்கும் அடிமையாக இருந்தவர் என்பதும் பதிவான வரலாறுதான். அவர் காலத்து அட்டவணையை எங்கள் உடம்பில் ஏற்றிவிட்டு அதைப் பாரம்பரியம் என்கிறீர்கள்.

இன்னொரு பதிலும் உண்டு. ஷிப்ட் வைத்தால் கேஸ் கைமாறும், கைமாறினால் தகவல் விட்டுப்போகும். அதே வார்டில் சிஸ்டர்கள் ஒரு நாளைக்கு மூன்று தடவை கைமாற்றுகிறார்கள். ஒவ்வொரு பெட்டாக நின்று, ரெஜிஸ்டரில் எழுதி, இவருக்கு இது பாக்கி என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். என் தப்பைக் கண்டுபிடித்ததும் அப்படிக் காலையில் டூட்டிக்கு வந்த, ராத்திரி தூங்கி எழுந்த ஒரு சிஸ்டர்தான். டாக்டர்களால் மட்டும் அது முடியாதா?

2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் கொல்லப்பட்ட அந்தப் பெண் மருத்துவரும் நீண்ட டூட்டியின் நடுவே ஓய்வெடுக்கக் கருத்தரங்கு அறைக்குத்தான் போனார். நாடு முழுவதும் அழுதது. 36 மணி நேர டூட்டி மனிதத்தன்மையற்றது என்று உச்ச நீதிமன்றத்திலேயே பேசினார்கள். எங்கள் வார்டில் பெண்களுக்கென்று ஒரு டூட்டி ரூம் இன்றுவரை இல்லை. அதனால்தான் அந்த இ.சி.ஜி. அறை. அதன் தாழ்ப்பாளும் உடைந்திருக்கிறது. நாற்காலியைக் கதவில் முட்டுக் கொடுத்து அதிலேயே உட்கார்ந்துதான் கண்ணை மூடினேன்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. அட்மிஷன் முடிந்த காலை, கேஸ்களை எழுதிக் கொடுத்துவிட்டு ஒன்பது மணிக்கு வெளியே போக விடுங்கள். சாம்பிள் தூக்க ஆள் போடுங்கள். விதியில் 'நியாயமான' என்ற சொல்லை எடுத்துவிட்டு ஓர் எண்ணை எழுதுங்கள், அது எங்களுக்கும் சேர்த்து இருக்கட்டும். தாண்டினால் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பதையும் அதே வரியில் எழுதுங்கள். அந்தத் தாழ்ப்பாளை நாளைக்கே மாற்றுங்கள். புதன்கிழமை எங்களுக்கு மறுபடி அட்மிஷன்.