இரட்டை அம்புக்குறி உண்மைக்கு அத்தாட்சி அல்ல

"வட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறியோடு வருவது பலர் சரிபார்த்த செய்தி" என்று பரவும் தகவல் தவறு. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட அரட்டைகள் கைமாறி வந்த செய்தியில் அந்தக் குறி தானாகவே விழும். உள்ளடக்கத்தை எவரும் சரிபார்ப்பதில்லை. 2020 முதல் அத்தகைய செய்தியை ஒரு தடவையில் ஒரே அரட்டைக்குத்தான் அனுப்பலாம். வதந்தியின் வேகத்தைக் குறைக்கவே அந்தக் கட்டுப்பாடு.

மாரியில் இது உயிரோடு சம்பந்தப்பட்ட விடயம். கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறந்ததாக வரும் வீடியோ 2018 டிசம்பர் வெள்ளத்தின்போது எடுத்ததாகவும் இருக்கலாம். தெளிவான காட்சியில் நிறுத்தி, ஸ்கிரீன்சொட் எடுத்து, கூகுள் லென்சில் தேடுங்கள். பழைய பதிவு அகப்படாவிட்டாலும் புதியது என்று முடிவுகட்ட வேண்டாம். குரல்பதிவை இப்படித் தேடவே முடியாது. குளத்துக்குக் கீழே கண்டாவளை, முரசுமோட்டைப் பக்கம் இருப்பவர்கள் 117க்கு அழைத்து அனர்த்த முகாமைத்துவ நிலையத்திடமே கேளுங்கள்.