சிப்காட் கேட்டுக்குப் பல் டாக்டர் வரட்டும்

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டைக் கம்பெனிகளில் வேலை பார்க்கும் நம்ம தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பிள்ளைகள் காய்ச்சல் வந்தால் எப்படியாவது ஒரு டாக்டரைப் பார்த்துவிடுகிறார்கள். பல் வலித்தால் மட்டும் "பொங்கலுக்கு ஊருக்குப் போறப்ப பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போடுகிறார்கள். அதுவரைக்கும் மெடிக்கலில் வாங்கின வலி மாத்திரை, கடைவாயில் ஒரு கிராம்பு. இதை அலட்சியம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. போவதற்கு அவர்களுக்கு நேரம் எங்கே இருக்கிறது?

"ஷிஃப்ட்ல இருக்கறவங்க காலைல போகலாமே" என்பார்கள். ஒரு தடவை போகலாம். சொத்தை நரம்பு வரை இறங்கிவிட்டால் ரூட் கேனல் செய்யணும், அதாவது பல்லைப் பிடுங்காமல் உள்ளே சுத்தம் செய்து அடைக்கணும். பெரும்பாலும் ரெண்டு மூணு தடவை வரச் சொல்வார்கள். இந்த வாரம் செகண்ட் ஷிஃப்ட், சரி, காலையில் போய் வரலாம். அடுத்த வாரம் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். இருட்டோடு கம்பெனி பஸ் ஏற வேண்டும். லீவு போட்டால் அன்றைய சம்பளமும் போகும், பல கம்பெனிகளில் அட்டெண்டன்ஸ் போனஸும் போகும். கடைசியில் "புடுங்கி விட்ருங்க டாக்டர்" என்று அவர்களே கேட்டுவிடுகிறார்கள். ஒரே நாளில் வேலை முடிந்துவிடும், அதனால். காப்பாற்றியிருக்கக்கூடிய கடைவாய்ப் பல் 22 வயதில் போகிறது. பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது.

தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு, இஎஸ்ஐ இருக்கிறதே என்றால், இருக்கிறது. 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களிடம் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள். 15,000 என்றால் மாதம் 113 ரூபாய். ஆபரேஷன், பிரசவம் என்று வரும்போது அது எவ்வளவு பெரிய துணை என்று அனுபவித்த குடும்பங்களுக்குத் தெரியும். உடம்பு சரியில்லாமல் படுத்தால் 70 சதவீதச் சம்பளமும் உண்டு. ஆனால் அதில் முதல் ரெண்டு நாள் கணக்கில் வராது. பல்லுக்கு யார் மூன்று நாள் படுக்கிறார்கள்? தேவை அரை நாள். அந்த அரை நாளுக்குத்தான் வழியில்லை.

நம்ம ஊர்க்காரர்களுக்கு இன்னொரு சங்கடமும் இருக்கிறது. எங்கள் கம்பெனி லைனில் பென்னாகரம் பக்கத்துப் பெண் ஒருத்தி. பல்லெல்லாம் பழுப்புக்கறை. சிரித்தால் கை தானாக வாய்க்குப் போய்விடும். வலி தாங்காமல் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். வாயைத் திறந்து பார்த்த டாக்டர், வெளியூர்க்காரர், முதலில் கேட்டது: "பாக்கு, புகையிலை ஏதாவது போடுவியாம்மா?" அவள் காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "எங்க ஊரு போர் தண்ணி அப்படி சார்" என்று நான்தான் சொன்னேன். வெளியே வந்ததும், "இனிமே வரமாட்டேன்க்கா" என்றாள்.

அந்தப் பழுப்புக்கறை தண்ணீரில் கலந்திருக்கும் ஃபுளோரைடு என்ற உப்பால் வருவது. எனாமல் உருவாகும் வயதில், அதாவது சுமார் எட்டு வயதுக்குள், ஃபுளோரைடு அதிகமான தண்ணீரைக் குடித்தால் பல்லுக்குள்ளேயே கறை ஏறிவிடும். தேய்த்தால் போகாது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது கணக்கு. நம் இரண்டு மாவட்டங்களிலும் அதைத் தாண்டிய கிணறும் போரும் நிறைய. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-ல்தான் வந்தது. இன்றைக்கு லைனில் நிற்கும் 22, 25 வயதுப் பிள்ளைகளுக்குப் பல் முளைத்த காலம் அதற்கு முந்தியது. அவர்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. இந்தப் பக்கம் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர்கள் தயவுசெய்து முதலில் "எந்த ஊரும்மா?" என்று கேளுங்கள். கறைக்கும் இப்போது சிகிச்சை இருக்கிறது, அதையும் அவர்களிடம் சொல்லுங்கள்.

அப்புறம் ஒன்று. தாடை வீங்கி, காய்ச்சலும் சேர்ந்து, வாய் திறக்கவோ விழுங்கவோ கஷ்டமாக இருந்தால் பொங்கலும் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமையும் வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். சீழ் கழுத்துக்கு இறங்கினால் உயிருக்கே ஆபத்து.

அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். பிரஷருக்கும் சுகருக்கும் வீடு தேடி வர முடிகிறது என்றால், ஒரு பல் மருத்துவ வண்டி வாரம் ஒரு நாள் சிப்காட் கேட்டுக்கு வரக் கூடாதா? அதே நாற்காலி, அதே டாக்டர், அடுத்த வாரமும் அங்கேயே. ரூட் கேனலைப் பாதியில் விட வேண்டிய நிலை வராது. யூனியனில், கேன்டீன் கமிட்டியில் இருப்பவர்கள் இதை மனுவாக எழுதிக் கொடுங்கள். ஷிஃப்ட் மாறும் நேரத்தையும் அதில் எழுதுங்கள். காலை பத்து மணிக்கு வண்டி வந்து நின்றால் லைனில் நிற்கிறவர்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.